வான்கோழியைக் கூப்பிட வாயில் ஒரு மவுத் கால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வசந்தகால வான்கோழி வேட்டைப் பருவம் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ தொடங்கும். மார்ச் பிறந்துவிட்டால் போதும், எனக்குத் தெரிந்த தமிழ் நண்பர்கள் நாலைந்து பேர் ஒரே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்த மவுத் கால் வாங்குவது, ஏன் சத்தமே வரவில்லை, ஏன் குமட்டுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. நான் போட்டிகளில் பரிசு வாங்கியவன் அல்ல. இரண்டு வசந்தங்களை வீணடித்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டவன்.

மவுத் கால் என்பது என்ன?

கால் என்றதும் காலைத் தேட வேண்டாம். பறவையையோ விலங்கையோ கூப்பிடும் கருவியை அமெரிக்க வேட்டைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். டயஃப்ரம் கால் என்றும் பெயர் உண்டு.

குதிரை லாட வடிவில் மெல்லிய அலுமினியச் சட்டம். அதில் இழுத்துப் பொருத்திய ரப்பர் சவ்வு, ஒன்றிலிருந்து நான்கு வரை. இந்தச் சவ்வைத்தான் ரீட் என்கிறார்கள். சட்டத்தைச் சுற்றி அரை நிலா வடிவில் துணி போன்ற டேப் ஓரம். மேலண்ணத்தில் இதை ஒட்டவைத்து, நாக்கை அடியிலிருந்து லேசாகக் கொடுத்து, நடுவில் காற்றை விட்டால் சவ்வு அதிர்ந்து சத்தம் வரும். சின்ன வயதில் பூவரச இலையைச் சுருட்டி பீப்பி ஊதியிருக்கிறீர்களா? அதே வித்தைதான். இலைக்குப் பதில் ரப்பர், உதட்டுக்குப் பதில் நாக்கு.

பெட்டி, சிலேட் என்று சுலபமானவை இருக்கும்போது இதை ஏன் வாய்க்குள் திணிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. பாக்ஸ் கால் என்ற மரப்பெட்டியை ஐந்து நிமிடத்தில் பழகிவிடலாம். மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டைக்கோழியின் குரல் அப்படியே வரும். ஆர்கன்சாவின் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் அதற்கு 1897-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வட்டச் சிலேட்டில் குச்சியைத் தேய்க்கும் பாட் காலும் கஷ்டமில்லை. வான்கோழியின் இறக்கை எலும்பைக் குழலாக்கி உறிஞ்சிக் கூப்பிடும் முறை இவை எல்லாவற்றையும்விடப் பழையது, அந்நாட்டுப் பூர்வகுடிகளுடையது.

ஆனால் இவற்றுக்கு இரண்டு கையும் வேண்டும். வான்கோழிக்கு மோப்பம் ஒன்றும் பெரிதில்லை. கண் மட்டும் பொல்லாதது. பக்கவாட்டில் அமைந்த கண்கள், நிறம் தெரியும், தலையைச் சற்றுத் திருப்பினால் சுற்றிலும் பார்த்துவிடும். சேவல் 40 கெஜத்தில் நிற்கும்போது நீங்கள் குச்சியை எடுக்கக் கையை அசைத்தால் அன்றைய வேட்டை முடிந்தது. மவுத் கால் என்றால் துப்பாக்கி முழங்கால்மேல், இரண்டு கையும் துப்பாக்கிமேல், வாய்க்குள் மட்டும் வேலை நடக்கும். மழையும் அதை ஒன்றும் செய்யாது. சாக்பீஸ் தூள் தடவிய மரப்பெட்டி நனைந்தால் ஊமையாகிவிடும்.

என் பழக்கம் இது: தூரத்தில் இருக்கும்வரை சிலேட், பறவை நெருங்கியதும் வாய். அதனால் மவுத் காலில் எல்லாக் குரலும் வர வேண்டும் என்பதில்லை. கிட்டத்தில் வேண்டிய இரண்டு மெல்லிய குரல்கள் ஒழுங்காக வந்தால் போதும்.

முதல்முறை வாங்குகிறேன். எதை வாங்க?

கடையில் அந்தச் சுவரைப் பார்த்தால் தலை சுற்றும். நாற்பது ஐம்பது வகை, ஒவ்வொன்றிலும் ஒரு மிரட்டலான பெயர். முதல் வருடம் நான் ஒன்பது வாங்கினேன். எதிலும் சத்தம் வரவில்லை, ஒவ்வொரு முறையும் கருவிமேல் பழி போட்டு அடுத்ததை வாங்கினேன். பெரியவர் அந்த ஒன்பதில் ஒன்றைக் கையில் எடுத்து, கழுவி, வாயில் போட்டு, கொல்லையில் உண்மையான பெட்டை நிற்பதுபோல் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

ஆகவே: ஒன்று அல்லது இரண்டு ரீட் உள்ளது, வெட்டு எதுவும் இல்லாததோ மிகச் சின்ன வெட்டு உள்ளதோ, அது போதும். ரீட் குறைவாக இருந்தால் குறைந்த காற்றிலேயே அதிரும். மூன்று நான்கு ரீட் அடுக்கியவற்றில் கரகரப்பு அருமையாக வரும், ஆனால் அதை எழுப்ப நல்ல காற்றும் நாக்குப் பழக்கமும் வேண்டும். புதியவர் அதில் ஆரம்பித்தால் கன்னம் உப்பிப் போய் வெறும் எச்சில்தான் தெறிக்கும்.

சவ்வின் கனமும் கணக்கு. மெல்லிய சவ்வு சட்டென்று பேசும், ஆனால் பலமாக ஊதினால் தாங்காமல் கிறீச்சிடும். தடித்தது பலத்த குரலுக்கு உதவும், மெல்லக் கூப்பிட மறுக்கும். முதல் காலுக்கு மெல்லியதே சரி.

விலை பத்து டாலருக்கு முன்பின். மூன்றாகச் சேர்த்து விற்கும் பாக்கெட் கிடைத்தால் அதை வாங்குங்கள். எந்த வகை உங்கள் வாய்க்கு ஒத்துவருகிறது என்பதை அட்டையில் எழுதியிருப்பதை வைத்துச் சொல்லவே முடியாது. ஒவ்வொருவர் அண்ணமும் ஒவ்வொரு வளைவு. என் நண்பருக்கு அமிர்தமாக இருக்கும் கால் என் வாயில் தகரம்போல் கத்துகிறது.

வி-கட், பேட்விங், கோஸ்ட் கட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

மேல் ரீடில் கத்தரியால் போடும் வெட்டின் வடிவங்கள் இவை. வெட்டு இல்லாத ரீடில் குரல் தெளிவாக, விசில்போல் வரும். வெட்டு விழுந்ததும் அந்த ஓரம் தனியாகப் படபடக்கும்; அதுதான் கரகரப்பு. வயதான பெட்டைக்கோழியின் குரலில் அந்தக் கரகரப்பு உண்டு.

வி-கட்டில் நடுவில் முக்கோணமாக ஒரு துண்டு எடுத்திருப்பார்கள். பேட்விங்கில் இரு பக்கமும் வெட்டி நடுப்பகுதியை வௌவால் சிறகுபோல் விட்டிருப்பார்கள், கரகரப்பு தூக்கல். கோஸ்ட் கட் என்பது நடுவில் இரண்டு சின்னக் கீறல் போட்டு ஒரு நாக்கைப்போல் விடுவது. அது குறைந்த காற்றிலேயே பேசும், மெல்லிய குரல்களுக்கு உகந்தது. வெட்டுள்ளதைத்தான் வாங்குவேன் என்று அடம்பிடிப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். காம்போ கட்டில் ஒரு பக்கம் மட்டும் வெட்டு. நாக்கை வெட்டில்லாத பக்கம் அழுத்தினால் தெளிந்த குரல், வெட்டுள்ள பக்கம் நகர்த்தினால் கரகரப்பு. ஒரே கருவியில் இரண்டு கோழி. ஆனால் நாக்கு அப்படி நகரப் பழக ஒரு பருவமாவது ஆகும்.

வாயில் வைத்ததுமே குமட்டுகிறது. எனக்கு இது ஒத்துவராதோ?

பெரும்பாலும் ஒத்துவரும். இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, டேப் ஓரம் உங்கள் அண்ணத்தைவிடப் பெரிது. நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் ஓரத்தை நூலிழை நூலிழையாகக் குறையுங்கள். ஒரே வெட்டாக வெட்டிவிடாதீர்கள். பக்கவாட்டில் காற்று கசிந்தால் கருவி குப்பைக்குத்தான். சட்டத்துக்குள் வெட்டிவிடக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. சிலருக்கு அண்ணம் குறுகலாக இருக்கும், அவர்களுக்கென்று சின்னச் சட்டம் உள்ளவை விற்கிறார்கள். சிறுவர்களுக்கானது என்று எழுதியிருந்தால் கூச்சப்படாமல் வாங்குங்கள்.

இரண்டு, அண்ணத்தின் வளைவு. சட்டத்தின் இரு கைகளையும் விரலால் மெல்லக் கீழ்நோக்கி வளைத்தால் கூரைபோல் ஆகி அண்ணத்தோடு ஒட்டும். மெல்ல என்பது முக்கியம். சவ்வின் இழுவிசை தளர்ந்தால் குரல் செத்துவிடும்.

அதற்கும் மசியாத குமட்டலுக்கு ஒரு வழி உண்டு. ஊதவே வேண்டாம். தொலைக்காட்சி பார்க்கும்போதோ பாத்திரம் கழுவும்போதோ சும்மா வாயில் வைத்திருங்கள். முதல் நாள் ஒரு நிமிடம், அப்புறம் ஐந்து. ஒரு வாரத்தில் வாய் அதை ஏற்றுக்கொள்ளும். வெற்றிலை போடுகிறவர் வாயில் எதை வைத்தாலும் குமட்டாது என்பது என் மாமனாரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் முன்னே?

லாடத்தின் திறந்த பக்கம், அதாவது ரீட் விளிம்பு தெரியும் பக்கம், பற்களைப் பார்த்து இருக்க வேண்டும். வளைந்த பக்கம் தொண்டையை நோக்கி. மேல் கீழ் குழப்பத்துக்குப் பாக்கெட்டில் உள்ள படத்தைப் பாருங்கள். பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால் ஊதிப் பார்த்து, வராவிட்டால் புரட்டிப் போடுங்கள். என்னிடம் வரும் புகாரில் பாதி அத்தோடு தீர்ந்துவிடுகிறது.

எவ்வளவு ஊதினாலும் 'ஸ்ஸ்' என்று காற்றுதான் வருகிறது. என்ன தப்பு?

ஊதுவதுதான் தப்பு. விசிலோ புல்லாங்குழலோ ஊதுவதுபோல் உதட்டிலிருந்து காற்றைத் தள்ளினால் ரீட் அசையாது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் முன் 'ஹா' என்று ஆவி விடுவோமே, அந்தக் காற்றுதான் வேண்டும். அது அடிவயிற்றிலிருந்து வரும், சூடாக இருக்கும், கன்னம் உப்பாது. கன்னம் உப்பினால் நீங்கள் இன்னும் பலூன்தான் ஊதிக்கொண்டிருக்கிறீர்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கருவியை நாக்கால் மேலே தள்ளி, ஓரங்கள் அண்ணத்தோடு ஒட்டி அடைபடும்படி செய்யுங்கள். ஈரம் இருந்தால்தான் ஒட்டும். நாக்கின் முன்பகுதியை ரீடில் லேசாகத் தொடவிட்டு 'ஹா' காற்றை விடுங்கள். இரைச்சல் வரும். அப்படியே காற்றை நிறுத்தாமல் நாக்கின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு புள்ளியில் இரைச்சல் சட்டென்று 'கீ' என்ற உயர்ந்த குரலாக மாறும். அந்தப் புள்ளியை நாக்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டி அழுத்தினால் காற்று அடைத்துக்கொள்ளும், சத்தமே நின்றுவிடும். புதியவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். சத்தம் வரவில்லை என்று இன்னும் அழுத்தி, இன்னும் ஊதி, முகம் சிவந்து உட்கார்ந்திருப்பார்கள். வராதபோது அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று, தொண்டைக் குரல் கலக்கக் கூடாது. காற்று மட்டும்தான். 'ம்ம்' என்று உள்ளே ஒரு முனகல் சேர்ந்தால் வான்கோழிக்குப் பதில் வாத்து வரும்.

யெல்ப் எப்படி எடுப்பது?

பெட்டையின் அடிப்படைப் பேச்சு யெல்ப்தான். 'நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே' என்பதுபோல. மூன்றிலிருந்து ஏழெட்டு ஒலிகள் ஒரு தொடராக வரும். ஒவ்வொரு ஒலிக்குள்ளும் இரண்டு படி இருக்கிறது: உயரத்தில் தெளிவாகத் தொடங்கி, உடனே கீழே விழுந்து கரகரப்பாக முடியும். மேலே சொன்ன 'கீ' குரலைப் பிடித்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. அந்தக் குரலில் இருக்கும்போதே தாடையைக் கீழே விடுங்கள். தாடை இறங்கினால் நாக்கின் அழுத்தம் தானாகக் குறையும், குரல் உடைந்து கீழே வரும். அவ்வளவுதான் யெல்ப்.

அமெரிக்கர்கள் இதற்கு 'சாப்' என்றோ 'சிக்' என்றோ வார்த்தை சொல்லிக்கொண்டே காற்றுவிடக் கற்பிக்கிறார்கள். மிருதங்கம் கையில் வரும் முன்பே 'த தி தொம் நம்' வாயில் வருவது மாதிரி. எனக்கு அவர்கள் சொல் பிடிபடவில்லை. 'கீ-யாப்' என்று மாற்றிக்கொண்டேன். 'யாப்' என்று உதடு மூடும் இடத்தில் ஒலி சுத்தமாக வெட்டுப்படும். உங்களுக்கு எந்தச் சொல்லில் தாடை விழுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று ஒன்றாக. அப்புறம் மூன்று சேர்த்து. அப்புறம் ஐந்து. ஐந்தும் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். காட்டில் மிக மோசமான குரலில் கத்தும் பெட்டைகளைக் கேட்டிருக்கிறேன், போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். ஆனால் தாளம் தப்பிய பெட்டையை இதுவரை கேட்டதில்லை. குரல் சுமாராக இருந்து தாளம் சரியாக இருந்தால் சேவல் வரும். குரல் தேனாக இருந்து தாளம் கோணினால் வராது.

மற்ற குரல்கள்?

க்ளக்: 'ப்பக்' என்று உதட்டைச் சட்டென்று திறந்து விடும் ஒற்றை ஒலி. மேயும் கோழியின் நிம்மதிப் பேச்சு. யெல்புக்கு அடுத்து இதைத்தான் கற்க வேண்டும், ஏனென்றால் கிட்ட வந்த சேவலுக்குக் கொடுக்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் பலமாக, கூர்மையாக விட்டால் அது 'புட்' என்ற அபாய ஒலியாகிவிடும். ஆபத்து, ஓடு என்று அர்த்தம். இரண்டுக்கும் இடையே இழைதான் வித்தியாசம்.

பர்: திருப்தியான முனகல். மெல்லிய காற்றில் உதட்டையோ நாக்கையோ அதிரவிட்டு எடுக்க வேண்டும். 'ர்ர்ர்' நமக்கு நாக்கில் உருளும் என்பதால் நம்மவர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரமே வருகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். ஆதாரம் கேட்காதீர்கள்.

கட்டிங்: முட்டையிட்ட கோழி கேறுவதுபோல் வேகமான, ஒழுங்கற்ற க்ளக் வரிசை. கோபமும் ஆவலும் கலந்தது. கீ-கீ: கூட்டத்தைப் பிரிந்த குஞ்சுகளின் விசில் குரல், இலையுதிர்கால வேட்டைக்கு உரியது. முதல் வருடத்தில் இந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

எத்தனை நாளில் வரும்? எங்கே பழகுவது?

தினம் பத்து நிமிடம் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் யெல்ப் என்று சொல்லத்தக்க ஒன்று வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஊதினால் நாக்கு மரத்துப்போவதுதான் மிச்சம்.

இடம்? கார். வீட்டில் முயன்று பாருங்கள், இரண்டாம் நாள் உங்களையும் கருவியையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் நாய் சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காரில் ஒரு தொல்லை, சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் பார்ப்பார். கையை ஆட்டிவிட்டுத் தொடருங்கள்.

என் சத்தம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாய்க்குள் அதிரும் சத்தம் எலும்பு வழியாகவும் காதுக்குப் போவதால் நமக்குக் கேட்பதும் வெளியே கேட்பதும் ஒன்றல்ல. செல்போனை முப்பது கெஜம் தள்ளி வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். முதல்முறை கேட்கும்போது மனசு உடையும், பரவாயில்லை.

ஒப்பிடுவதற்கு மனிதர்கள் கூப்பிடும் வீடியோக்களை மட்டும் நம்பாதீர்கள். கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே ஒலிநூலகத்தில் காட்டு வான்கோழிகளின் உண்மையான பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன. அதில் ஒரு பெட்டையைத் தேர்ந்தெடுத்து, அவள் இடைவெளி விடும் விதத்தை மனப்பாடம் ஆகும்வரை கேளுங்கள். மயிலைப் பார்த்து ஆடியதாக வான்கோழியைக் கேலி செய்வோமே, இங்கே அந்த வான்கோழி நாம்தான்.

காட்டில் எவ்வளவு கூப்பிட வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. காரணத்தைச் சொல்கிறேன்.

வசந்தத்தில் சேவல் காபிள் செய்யும். அந்தக் கடகடவென்ற குரலைக் கேட்டுப் பெட்டை அவனிடம் நடந்து போகும். அதுதான் இயற்கை. நாம் பெட்டைபோல் கூப்பிட்டு, சேவலை நம்மிடம் வரச்சொல்கிறோம். அவனுக்குத் தெரிந்த வழக்கத்தைத் தலைகீழாக்குகிறோம். நாம் எவ்வளவு அதிகம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு அவன் 'இவள்தான் இவ்வளவு ஆவலாக இருக்கிறாளே, வந்துவிடுவாள்' என்று நின்ற இடத்திலேயே தோகையை விரித்துக்கொண்டு நிற்பான். சத்தம் நின்றால்தான் தேடத் தொடங்குவான்.

என் காலை இப்படிப் போகும். விடியும் முன் அவன் அடைந்திருக்கும் மரத்துக்கு நூறு நூற்றைம்பது கெஜம் தள்ளி உட்கார்ந்துவிடுவேன். வெளிச்சம் வரும்போது மிக மெல்லிய யெல்ப் மூன்று. மரத்தில் இருக்கும் பெட்டை முனகுவதுபோல. அவன் பதில் சொன்னால் வாயை மூடிக்கொள்வேன். இறங்கிய பிறகு ஐந்து யெல்ப். பதில் வந்து, அடுத்த பதில் இன்னும் கிட்டத்தில் கேட்டால் மறுபடி ஒன்றும் கிடையாது. அவன் வந்துகொண்டிருக்கிறான், வருகிறவனை ஏன் கெடுப்பது? பதிலே இல்லாவிட்டால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, அதுவும் யெல்ப் கொஞ்சம், க்ளக் கொஞ்சம், அப்புறம் காய்ந்த சருகைக் கையால் கிளறுவது. மேயும் கோழி சருகைக் கிளறும் சத்தம் எந்த மவுத் காலிலும் வராது.

இரண்டாம் வசந்தத்தில் நான் இரண்டு மணி நேரம் விடாமல் கூப்பிட்டேன். அன்று புதிதாகக் கற்ற கட்டிங் எல்லாம் காட்டினேன். ஒரு காபிளும் கேட்கவில்லை. எழுந்து காலை உதறியபோது எனக்குப் பின்னால் பதினைந்து கெஜத்தில் 'புட்' என்று ஒரு சத்தம். திரும்புவதற்குள் பெரிய சேவல் ஒன்று சரிவில் ஓடி மறைந்தது. எப்போது வந்தது, எவ்வளவு நேரம் என் கச்சேரியைக் கேட்டுக்கொண்டு நின்றது, தெரியாது. எல்லாச் சேவலும் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை.

அறுபது கெஜத்தில் வந்து நின்றுவிடுகிறான், மேலே நகரமாட்டேன் என்கிறான். என்ன செய்ய?

பெட்டை நிற்க வேண்டிய இடத்தைப் பார்க்கிறான், பெட்டை இல்லை. அதனால் நிற்கிறான். முதலில் இருபது நிமிடம் மௌனம். அது பலிக்காவிட்டால் தலையை லேசாகத் திருப்பி, கையை வாயருகே வைத்துப் பின்பக்கம் நோக்கி ஒரு மெல்லிய க்ளக். கோழி போய்விடுகிறாள் என்று தோன்ற வேண்டும். நண்பர் ஒருவர் முப்பது கெஜம் பின்னால் உட்கார்ந்து கூப்பிட்டால் இன்னும் நல்லது. அடுத்த முறை, சேவல் உங்களைத் தேடிச் சுடும் தூரத்துக்குள் வந்தால்தான் இடம் முழுவதும் தெரியும்படியான மேட்டு வளைவிலோ பாதைத் திருப்பத்திலோ உட்காருங்கள். இடம் சரியாக இருந்தால் குரல் பாதி போதும்.

இவ்வளவு பாடு எதற்கு? செல்போனில் பெட்டைக் குரலைப் போட்டுவிட்டால் ஆகாதா?

ஆகாது. மின்னணுக் கருவியில் கூப்பிடுவதைப் பெரும்பாலான மாநிலங்கள் வான்கோழிக்குத் தடை செய்திருக்கின்றன, பென்சில்வேனியாவும்தான். அபராதம் கட்டும் காசுக்கு எத்தனையோ மவுத் கால் வாங்கலாம்.

மவுத் காலிலேயே காபிள் குரல் எடுக்கலாமாமே?

எடுக்கலாம், எடுக்காதீர்கள். பொது வேட்டைக்காட்டில் சேவல் குரல் கேட்கும் திசைக்கு இன்னொரு துப்பாக்கி வரும். அதிகாலையில் சேவல் எங்கே அடைந்திருக்கிறான் என்று தெரிய ஆந்தைபோலவோ காக்கைபோலவோ கத்துங்கள். திடீர்ச் சத்தத்துக்குச் சேவல் தன்னையறியாமல் காபிள் செய்துவிடுவான்.

பாதுகாப்பு விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

நீங்கள் முழுக்க மறைந்து உட்கார்ந்து, வான்கோழிபோல் பேசுகிறீர்கள். அப்படியானால் சுற்றியுள்ள மற்ற வேட்டைக்காரருக்கு நீங்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்துத்தான் உட்கார வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் தெரியக் கூடாது. சேவலின் தலை நிறங்கள் அவை. சட்டைக்குள் போட்ட வெள்ளை பனியன் கழுத்தில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு ஆள் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், கருவியில் கூப்பிடவும் கூப்பிடாதீர்கள். மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள். வேட்டை போனால் போகட்டும். மற்றவர் கூப்பிடும் குரலை உண்மையான கோழி என்று நினைத்து ஊர்ந்து போகவே போகாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம்: கருவியை வாயில் வைத்துக்கொண்டு ஓடுவதோ வேலி தாண்டுவதோ வேண்டாம். தடுக்கினால் தொண்டைக்குள் போகும்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி எடுக்கலாமா?

குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. உரிமம் வாங்கப் பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வேட்டைக் கல்வி வகுப்பை முடிக்க வேண்டும். உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும் என்பதை மறக்காதீர்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. விசா சம்பந்தப்பட்டது என்பதால் நண்பர் சொன்னார் என்று இறங்காமல் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வசந்தத்தில் பொதுவாகச் சேவலை மட்டுமே சுட அனுமதி. மார்பில் தாடிபோல் தொங்கும் முடிக்கற்றைதான் பல மாநிலங்களில் அடையாளம். எங்கள் மாநிலத்தில் பருவத்தின் முதல் பாதியில் நண்பகலோடு முடித்துக்கொள்ள வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

கருவியை எப்படிப் பாதுகாப்பது?

வேட்டை முடிந்ததும் தண்ணீரில் கழுவி, ரீடுகளுக்கு நடுவே தட்டையான பல்குத்தும் குச்சியைச் செருகிக் காயவிடுங்கள். ஒட்டிக்கொண்ட ரீட் பேசாது. காய்ந்ததும் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ரப்பருக்கு எதிரி வெயிலும் சூடும்தான்; காரின் முன்பலகையில் ஒரு மதியம் கிடந்தால் கதை முடிந்தது. என்ன கவனித்தாலும் ஒரு பருவம், மிஞ்சினால் இரண்டு. சவ்வு சுருங்கி அலைபோல் ஆகிவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

ரப்பர் ஒவ்வாமை இருக்கிறது. பல்செட்டும் உண்டு.

ரப்பர் ஒவ்வாமை இருந்தால் லேடெக்ஸ் ரீட் பக்கமே போகாதீர்கள். சிலேட் பழகுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மேல்வரிசைப் பல்செட் போட்டவர்களுக்குக் கருவி சரியாக அடைபடாமல் சிரமம் கொடுக்கும். சின்னச் சட்டத்தில் முயன்று பார்க்கலாம்.

இதற்குப் போட்டிகூட உண்டாமே?

உண்டு. தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு ஒவ்வொரு ஆண்டும் நாஷ்வில்லில் நடக்கும் மாநாட்டில் கிராண்ட் நேஷனல் என்ற பெயரில் நடத்துகிறது. தென் கரோலைனாவின் எட்ஜ்ஃபீல்டைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அமைப்பு 1973-ல் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அநேகமாக அழிந்தே போயிருந்த பறவை இது. வலைவீசிப் பிடித்து, கோழி இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டுவிட்டு மாநில வனவிலங்குத் துறைகள் அதை மீட்டன. அந்தச் செலவில் பெரும்பங்கு வேட்டை உரிமக் கட்டணமும் துப்பாக்கி, தோட்டா மீதான வரியும்.

மேடைக் குரல் கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அது நடுவர்களுக்கானது. அதைக் கேட்டுவிட்டு உங்கள் குரலை நினைத்துச் சோர்ந்துபோகாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப்போய் மயிலையோ கௌதாரியையோ கூப்பிட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவை வேட்டை குற்றம், அதிலும் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாட அல்ல, சும்மா விளையாட்டுக்கு என்று வயலோரம் நின்று பறவையைத் தொந்தரவு செய்வதும் நல்லதில்லை. நான் ஒருமுறை எடுத்துப்போய் அக்கா பிள்ளைகளுக்கு மொட்டைமாடியில் யெல்ப் செய்து காட்டினேன். கீழே தெருவில் மேய்ந்துகொண்டிருந்த நாட்டுக்கோழிகள் எல்லாம் ஒரு நொடி தலையைத் தூக்கின. அப்புறம் குப்பையைக் கிளறப் போய்விட்டன. பிள்ளைகளுக்கும் அது பிடிக்கவில்லை. பூவரச இலை பீப்பி இதைவிடச் சத்தமாக இருக்கிறது என்றார்கள்.